விகடகவி திரும்ப மறுத்தால்: பைத்தானில் சொல்லைத் திருப்பும்போது வரும் கோளாறுகள்

"அண்ணா, விகடகவி விகடகவி இல்லையாம். கம்ப்யூட்டர் சொல்லுது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன். சொன்னது எட்டாம் வகுப்புப் பெண். எட்டிப் பார்த்தேன். நிரலில் ஒரு தப்பும் இல்லை. ஒரு சொல்லைத் திருப்பு, பழையதோடு ஒப்பிடு, ஒன்றாக இருந்தால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான். ஆங்கிலத்தில் 'மேடம்' என்று சின்ன எழுத்தில் அடித்தால் ட்ரூ வருகிறது. தமிழில் 'விகடகவி' போட்டால் ஃபால்ஸ்.

அன்றிலிருந்து, சொல் திருப்பும் பாடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்களைக் குறித்து வைத்து வருகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அதற்கான தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

ஒரு சிறு ஏற்பாடு. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தானோடு வரும் ஐடில் சாளரத்தில் ஒரு மாறியின் பெயரை அடித்து என்டர் தட்டினால் போதும், அச்சிடும் கட்டளை இல்லாமலே விடை தெரியும். அதனால் கீழே வரும் வரிகளை அப்படியே அடித்துப் பார்க்கலாம். லென், பிரிண்ட், ரிவர்ஸ்டு போன்ற பெயர்களை மட்டும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அவற்றை அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

அறிகுறி: பிழைச் செய்தி இல்லை, ஆனால் எழுத்துகள் சிதைந்து வருகின்றன

முதல் எழுத்துக்கு முன்னால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும் அதன் மேல் அநாதையாக ஒரு குறியும் நிற்கும். மற்ற எழுத்துகள் ஒழுங்கானவைபோல் தெரியும், ஆனால் நீங்கள் கொடுத்த எழுத்துகள் அல்ல. என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். கீழே வரும் [::-1] என்பதற்கு 'பின்னிருந்து முன்னாகத் திருப்பு' என்று பொருள்.

சொல் = "அடையாறு"
சொல்[::-1]

வர வேண்டியது 'றுயாடைஅ'. வருவதோ, தலையில் ஒரு தனிக் கீழ்விலங்கு, பிறகு 'றாயைடஅ'. உற்றுப் பாருங்கள். நாம் கொடுத்த சொல்லில் றா எங்கே இருந்தது, யை எங்கே இருந்தது?

கணினி உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று பார்த்தால் விளங்கிவிடும்:

[*சொல்]

சதுர அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம். சொல்லைப் பிரித்துத் துண்டு துண்டாகக் கொட்டிக் காட்டு என்று பொருள். அ, ட, ஐகாரக் குறி, ய, துணைக்கால், ற, உகரக் குறி என்று ஏழு துண்டுகள் வரும். நமக்கு நாலு எழுத்து, அதற்கு ஏழு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள்தாம் ஒதுக்கியிருக்கிறார்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்தையும் அதில் அடைக்க முடியாது. அதனால் க, ங, ச என்ற அகர வரிசை எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனி எண்கள். 'கி' என்பது 2965, அதற்குப் பின்னால் 3007. இரண்டையும் சேர்த்து ஒரே எழுத்தாக வரைவது எழுத்துருவின் வேலை. பைத்தானுக்கு அந்தக் கவலை கிடையாது.

இப்போது திருப்புங்கள். தன் மெய்க்குப் பின்னால் நின்ற குறி, திருப்பியதும் அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. அங்கே வேறொரு எழுத்து இருந்தால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். யாவின் துணைக்கால் பக்கத்து வீட்டு றவுக்குப் போய் றா ஆனது இப்படித்தான். ஏறி உட்கார ஆளே இல்லாத குறிதான் வட்டத்தோடு தனியே நிற்கிறது. 'கிண்டி' கொடுத்தால் ஒரு தனிக் குறியும் 'ட்ணிக'வும் வரும். வேண்டியது 'டிண்கி'. விகடகவியின் கடைசி மேல்விலங்கும் இதே மாதிரி முதலில் போய் நிற்பதால்தான் ஒப்பீடு ஃபால்ஸ் ஆகிறது.

இதில் ஒரு பொல்லாத விஷயம்: 'கனக', 'கடக' என்று குறியே இல்லாத சொல்லைக் கொடுத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக வரும். நிரல் முடிந்தது என்று மடிக்கணினியை மூடிவிடுவோம். ஆங்கிலச் சொல்லை மட்டும் வைத்துச் சோதித்தாலும் இதே கதைதான்.

சரி, தீர்வு. துண்டுகளைத் திருப்பாதீர்கள். முதலில் துண்டுகளை எழுத்துகளாகச் சேருங்கள், பிறகு எழுத்துகளைத் திருப்புங்கள். கையால் செய்து பார்த்தால் இப்படி:

எழுத்துகள் = ["அ", "டை", "யா", "று"]
எழுத்துகள்[::-1]

சரியாக வருகிறது. இந்தப் பட்டியலை நிரலே தயாரிக்க வேண்டும். வெறும் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார் சுழற்சியில் சொல்லின் ஒவ்வொரு துண்டாக வாருங்கள். துண்டின் எண்ணை ஓ-ஆர்-டி என்ற மூன்றெழுத்துச் செயற்கூறு சொல்லும். அந்த எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ, 3031ஆக இருந்தாலோ அது ஒட்டுக் குறி. அதைப் பட்டியலின் கடைசி உறுப்போடு கூட்டல் குறியால் ஒட்டிவிடுங்கள். வேறு எந்த எண்ணானாலும் அது புது எழுத்து, பட்டியலில் புது உறுப்பாகச் சேருங்கள். எல்லாம் முடிந்ததும் பட்டியலைத் திருப்பி, வெற்றுச் சரத்தை வைத்து ஜாயின் செய்தால் விடை வந்துவிடும். (மேற்கோள் குறிக்குள் எழுதுவதுதான் சரம், உள்ளே ஒன்றுமில்லாவிட்டால் வெற்றுச் சரம்.) 3021 புள்ளிக்கு உரிய எண். ஆய்தம் 2947, அது குறிகளின் வரம்புக்குள் வராது, தனி எழுத்தாகவே நிற்கும். தொல்காப்பியம் ஆய்தத்தைச் சார்பெழுத்து என்கிறது, யூனிகோடோ அதைத் தனி எழுத்தாகவே வைத்திருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். சொல் ஒட்டுக் குறியிலேயே தொடங்கினால் ஒட்டுவதற்குப் பட்டியலில் கடைசி உறுப்பு என்று எதுவும் இருக்காது, இண்டெக்ஸ் எரர் வரும். பட்டியல் காலியாக இருந்தால் குறியையும் புது உறுப்பாகவே சேர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் நாமே எழுத வேண்டுமா? பைத்தானுக்கு ஓப்பன்-தமிழ் என்ற இலவச நூலகம் இருக்கிறது. அதன் கெட் லெட்டர்ஸ் செயற்கூறு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். பதிப்பி, முடி என்று முழுக்கத் தமிழ்க் குறிச்சொற்களால் நிரல் எழுத எழில் மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையின் பங்கு இதிலும் உண்டு. வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். ஆனால் படிக்கிற பிள்ளையாக இருந்தால் ஒரு தடவையாவது மேலே சொன்ன சுழற்சியை நீங்களே எழுதுங்கள். மாடியில் எல்லாருக்கும் அதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறேன். திட்டத்தான் செய்கிறார்கள்.

தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு கூடவே டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரு தனி எண். அதில் இருந்திருந்தால் இந்தத் தலைப்பே தேவைப்பட்டிருக்காது. ஆனால் நம் கைபேசியும் உலாவியும் பேசுவது யூனிகோடுதான்.

அறிகுறி: எழுத்தாகச் சேர்த்தும் ஒரு சில சொற்கள் மட்டும் தவறுகின்றன

பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள்தாம் இதற்குக் காரணம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. நான் ஒருமுறை முக்கால் மணி நேரம் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

முதல் வகை ஔகாரம். 'கௌதம' என்பதை நிறையப் பேர் கெ, ள, த, ம என்று நாலு எழுத்தாக அடிக்கிறார்கள். ஔகாரக் குறியின் வலப்பக்கம் ளகரம் மாதிரியே இருப்பதால் திரையில் வித்தியாசம் தெரியாது. திருப்பினால் 'மதகௌ' வர வேண்டிய இடத்தில் 'மதளகெ' வரும். நிரலின் மேல் பழி இல்லை, தட்டச்சில்தான். சொல்லைத் திருத்தி அடியுங்கள்.

இரண்டாம் வகை ஒகர, ஓகாரம். 'மோ' என்பதில் ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் வைக்கலாம், 3015 இரட்டைக் கொம்பு, 3006 துணைக்கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் யூனிகோடில் செல்லும். 'மோரு போருமோ' என்ற சொற்றொடரில் முதல் மோவை ஒரு விசைப்பலகையிலும் கடைசி மோவை இன்னொன்றிலும் அடித்திருந்தால், எத்தனை ஒழுங்காகத் திருப்பினாலும் ஒப்பீடு ஃபால்ஸ்தான். யூனிகோட்டேட்டா என்ற தொகுதி பைத்தானோடே வருகிறது. அதிலுள்ள நார்மலைஸ் செயற்கூறுக்கு 'என்-எஃப்-சி' என்ற வகையைக் கொடுத்து இரண்டு சரங்களையும் முதலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆனால் இது ளகர விவகாரத்தைச் சரிசெய்யாது. அதைச் செய்ய மனிதர்தான் வேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாத துண்டுகள். இணையத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ நகலெடுத்த சொல்லில் அகலமில்லாத ஒட்டுக்குறிகள் ஒளிந்திருக்கலாம். அவற்றின் எண்கள் 8204, 8205. நட்சத்திர வித்தையைச் செய்து பாருங்கள். தமிழ்த் துண்டுகளுக்கு நடுவே பின்சாய்கோட்டோடு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்று தெரிந்தால் ஆள் அதுதான். ரீப்ளேஸ் செய்து தூக்கிவிடுங்கள்.

அறிகுறி: ஓர் எழுத்து குறைகிறது, அல்லது விடை காலியாக வருகிறது

இங்கே தமிழை விட்டுவிட்டு எண்களை எடுத்துக்கொள்வோம், அப்போதுதான் கோளாறு தெளிவாகத் தெரியும். தியாகராய நகரின் அஞ்சல் குறியீடு:

அஞ்சல் = "600017"

அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளிகள். அவை பிரிக்கும் மூன்று இடங்களும் தொடக்கம், முடிவு, தாண்டல். தாண்டல் -1 என்றால் பின்னோக்கி நட. முடிவாகச் சொல்லும் இடம் எப்போதும் விடையில் சேராது, அதற்கு முன்பே நின்றுவிடும். அதுதான் பெரும்பாலானோரைக் கவிழ்க்கும்.

அஞ்சல்[-1:0:-1] என்றால் '71000' வரும். 0 என்ற இடத்தில் இருக்கும் 6ஐ அடைவதற்கு முன்பே நின்றுவிட்டது. சரி, 0க்கு அடுத்தது -1 ஆயிற்றே என்று அஞ்சல்[5:-1:-1] போட்டால் ஒன்றுமே வராது. -1 என்பது பூஜ்யத்துக்கு முந்தைய இடமில்லை, கடைசி இடம். ஐந்தாம் இடமும் கடைசி இடமும் ஒன்றுதான், புறப்பட்ட இடத்திலேயே பயணம் முடிந்துவிட்டது. அஞ்சல்[:-1] என்று ஒரு முக்காற்புள்ளியை விழுங்கிவிட்டால் '60001' வரும். அது திருப்பல் இல்லை, கடைசி எழுத்தை நறுக்குவது.

தொடக்கத்தையும் முடிவையும் காலியாக விடுங்கள். அஞ்சல்[::-1] என்றால் '710006'. அவ்வளவுதான்.

வைல் சுழற்சி வைத்து எழுதுபவர்களுக்கு இண்டெக்ஸ் எரர் வந்தால், நீளத்திலிருந்தே தொடங்கியிருப்பீர்கள். ஆறு எழுத்துச் சொல்லில் கடைசி இடம் 5, ஆறு அல்ல.

அறிகுறி: டைப் எரர்

அஞ்சல் குறியீட்டை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அது சரம் இல்லை, எண். எண்ணைத் துண்டுபோட முடியாது என்று பைத்தான் சண்டைக்கு வரும். எஸ்-டி-ஆர் கொண்டு சரமாக்கிவிட்டுத் திருப்புங்கள். திருப்பியதை மறுபடி எண்ணாக்குகிறீர்களா? கவனம். அடையாற்றின் 600020ஐத் திருப்பினால் '020006'. அதை எண்ணாக்கினால் முன்னால் நிற்கும் பூஜ்யம் கழன்று 20006 ஆகிவிடும். அஞ்சல் குறியீடும் தொலைபேசி எண்ணும் பெயருக்குத்தான் எண். அவற்றைக் கூட்டப் போகிறோமா, கழிக்கப் போகிறோமா? சரமாகவே வைத்திருங்கள்.

டைப் எரரின் இன்னொரு பிறப்பிடம், சொல்[0] = "ம" என்று சரத்துக்குள்ளேயே ஓர் எழுத்தை மாற்றப் பார்ப்பது. பைத்தானில் சரம் கல்வெட்டு மாதிரி, செதுக்கியபின் மாற்ற முடியாது. பட்டியலாக்கி மாற்றுங்கள்.

அறிகுறி: சின்டாக்ஸ் எரர், அதுவும் முதல் வரியிலேயே

வாட்ஸப்பில் நண்பர் அனுப்பிய நிரலையோ வேர்ட் கோப்பிலிருந்து எடுத்ததையோ ஒட்டியிருப்பீர்கள். மேற்கோள் குறி வளைந்திருக்கும். பைத்தானுக்கு நேரான மேற்கோள் குறிதான் புரியும். அழித்துவிட்டு நீங்களே அடியுங்கள்.

அறிகுறி: திருப்பினேன், ஆனால் சொல் மாறவில்லை

சொல்[::-1] என்று மட்டும் எழுதினால் திருப்பிய புதுச் சரம் ஒன்று பிறக்கும், அதை யாரும் பிடித்து வைக்கவில்லை என்றால் காற்றோடு போகும். பழைய சொல் அப்படியே இருக்கும். சொல் = சொல்[::-1] என்று எழுதுங்கள். ஐடிலில் பார்க்கும்போது விடை தெரிந்து, அதே வரியைக் கோப்பில் சேமித்து ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை என்றால், பிரிண்ட் போடவில்லை.

ரிவர்ஸ் என்பதைச் சரத்தின் மேல் ஏவினால் அட்ரிபியூட் எரர் வரும், சரத்துக்கு அப்படி ஒரு செயல் இல்லை. பட்டியலுக்கு உண்டு. ஆனால் அதன் விடையை மாறியில் வாங்கினால் நன், அதாவது 'ஒன்றுமில்லை', என்று வரும். அது பட்டியலை இருந்த இடத்திலேயே திருப்பிவிட்டுக் கையை விரித்துவிடும். ரிவர்ஸ்டு என்பது வேறொரு பிறவி. அதை அச்சிட்டால் கூர் அடைப்புக்குள் ஏதோ ஆப்ஜெக்ட் என்று நீளமாகக் காட்டும். பயப்பட வேண்டாம், அது இன்னும் பிரிக்காத பொட்டலம். வெற்றுச் சரத்தால் ஜாயின் செய்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். தமிழ்ச் சொல்லை நேராக இதற்குக் கொடுத்தால் முதல் தலைப்பில் சொன்ன சிதைவு இங்கேயும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: வாக்கியத்தைத் திருப்பினால் ஒரு சொல்லும் புரியவில்லை

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மின்சார ரயில் தெரியும், அதனால் இதற்கு எப்போதும் ஒரே உதாரணம்தான்.

தடம் = ["கடற்கரை", "கோட்டை", "பூங்கா", "எழும்பூர்", "சேத்துப்பட்டு"]
தடம்[::-1]

சேத்துப்பட்டில் தொடங்கிக் கடற்கரையில் முடியும். தாம்பரத்திலிருந்து திரும்பி வரும் வண்டி. நிலையங்களின் வரிசைதான் மாறியது, பெயர்ப் பலகைகள் மாறவில்லை. இதையே இடைவெளி விட்டு ஒரே நீளச் சரமாக எழுதித் திருப்பினால் பெயர்ப் பலகைகளும் சேர்ந்து கவிழ்ந்துவிடும். சொற்களின் வரிசை மட்டும் மாற வேண்டும் என்றால் ஸ்ப்ளிட் செய்து பட்டியலாக்கி, திருப்பி, ஜாயின் செய்யுங்கள். ஜாயினுக்கு முன்னால் இருக்கும் மேற்கோளுக்குள் ஓர் இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லா நிலையமும் நெரிசல் நேரத்துப் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சில பயிற்சிகளில் இதற்கு நேர் எதிரானது கேட்பார்கள்: சொற்களின் இடம் மாறக்கூடாது, ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் எழுத்து திரும்ப வேண்டும். கேள்வியை இரண்டு தடவை படியுங்கள்.

அறிகுறி: 'தேரு வருதே' மாலைமாற்று இல்லை என்கிறது

திருப்பிப் படித்தாலும் மாறாமல் இருப்பதுதான் மாலைமாற்று. இங்கே நடுவிலிருக்கும் இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வருகிறது. திருப்பினால் 'தேருவ ருதே'. இடைவெளி, காற்புள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: கோப்பிலிருந்து படிக்கும்போது மட்டும் கோளாறு

விண்டோஸில் தமிழ்க் கோப்பைத் திறந்ததும் 'சார்மேப்' என்ற சொல்லோடு பிழை வந்தாலோ, தமிழுக்குப் பதில் தலையில் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தாலோ, கோப்பை எந்தக் குறியாக்கத்தில் படிப்பது என்று நீங்கள் சொல்லவில்லை. யூனிகோடு எண்களைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்த் துண்டு மூன்று பைட். அவற்றை வேறு கணக்கில் படித்தால் ஒரு 'க' மூன்று குப்பையாகத்தான் வரும். ஓப்பன் கட்டளையில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேருங்கள். இதைச் சரிசெய்யாமல் திருப்பலில் இறங்க வேண்டாம்.

திருப்பிய ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு வெற்று வரி வந்தால், வரியின் கடைசியில் ஒளிந்திருந்த வரிமுறிவும் திரும்பி முன்னால் வந்துவிட்டது. ஸ்ட்ரிப் செய்துவிட்டுத் திருப்புங்கள்.

எல்லா வரியும் சரி, முதல் வரி மட்டும் தவறு என்றால் என் சந்தேகம் நேராக நோட்பேட் மேல் போகும். யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத் துண்டு, எண் 65279, சேர்ந்திருக்கலாம். என்கோடிங்கில் யூடிஎஃப்-8க்குப் பின்னால் ஒரு கோடிட்டு 'சிக்' என்று சேர்த்தால் பைத்தானே அதைக் கழற்றிவிடும்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் கதையே வேறு. திருவல்லிக்கேணிப் பக்கம் அச்சகங்களில் இன்னும் இத்தகைய கோப்புகள் கிடைக்கும். அவை உள்ளே தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள் தமிழ் வேடம் போட்டவை. போதாக்குறைக்கு, கொம்பை எழுத்துக்கு முன்னால் அடித்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசையில். நம் சுழற்சியோ குறி பின்னால்தான் வரும் என்று நம்புகிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: திரையில் வெறும் கட்டங்கள்

நிரல் சரியாக இருக்கலாம், நிரல் ஓடும் கருப்புக் கட்டளைத் திரைக்குத் தமிழ் வரையத் தெரியாமல் இருக்கலாம். வந்த விடையை நகலெடுத்து நோட்பேடிலோ உலாவியிலோ ஒட்டிப் பாருங்கள். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்றில் இதற்காக ஒரு பையன் நல்ல நிரலை மூன்று முறை அழித்து எழுதினான்.

அறிகுறி: லக்ஷ்மியும் ஸ்ரீயும் உடைகின்றன

யூனிகோடில் க்ஷ என்பது க், ஷ என்ற இரண்டு எழுத்து. ஸ்ரீ என்பது ஸ், ரீ. நம் சுழற்சி அவற்றைப் பிரித்துத்தான் திருப்பும், 'ஸ்ரீ' என்பது 'ரீஸ்' ஆகிவிடும். க்ஷவை ஓர் எழுத்தாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், பைத்தான் அதில் தலையிடாது. நான் ஓர் எழுத்தாகவே கொள்கிறேன், பள்ளியில் அப்படித்தான் படித்தேன். பட்டியல் தயாரானதும், 'க்' என்ற உறுப்பை அடுத்து ஷகர வரிசை எழுத்து வந்தால் இரண்டையும் ஒட்டிவிடுகிறேன், 'ஸ்' அடுத்து 'ரீ' வந்தாலும் அப்படியே. ஸ்ரீயை ஶகரத்தோடு எழுதும் வடிவமும் உண்டு. அந்த ஶ யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதையும் கணக்கில் எடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் ஒரு கோப்பில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் வரும்.

'ஃபேன்' போன்ற சொற்களில் ஆய்தம் பகரத்தோடு சேர்ந்து ஒரே ஒலியாகிறது. திருப்பினால் 'ன்பேஃ'. இதை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

அறிகுறி: ஆம்புலன்ஸ் எழுத்து வரவில்லை

அண்ணா சாலையில் முன்னால் போகும் வண்டிக்காரர் தன் கண்ணாடியில் படிப்பதற்காக ஆம்புலன்ஸின் நெற்றியில் எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி வேண்டும் என்று ஒருவன் கேட்டான். சொல்லைத் திருப்பினால் 'ஸ்ன்லபும்ஆ' என்றுதான் வரும். எழுத்துகளின் வரிசை மாறும், ஒவ்வொரு எழுத்தின் உருவமும் வலம் இடமாகத் திரும்பாது. அது சரத்தின் வேலையில்லை, படத்தின் வேலை. சொல்லைப் படமாக்கிப் பெயிண்டில் கிடைமட்டமாகப் புரட்டுங்கள்.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது: சொல்லின் கடைசியில் இந்தியக் கொடி எமோஜி வைத்துத் திருப்பினால், சில கைபேசிகளில் நிகராகுவா கொடி முன்னால் வந்து நிற்கும். கொடி என்பது ஐ, என் என்ற இரண்டு எழுத்துத் துண்டுகள். திருப்பினால் என், ஐ. அது அந்த நாட்டின் குறி. அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கப்புறம் பாடம் நடக்கவில்லை, பாகிஸ்தான் கொடி என்ன ஆகும், ஜப்பான் கொடி என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கொடியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

நிரலை முடித்ததும் இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். 'கனக' அப்படியே வர வேண்டும். 'விகடகவி', 'கைரேகை', 'பாப்பா', 'திகதி' நான்கும் அப்படியே. 'அடையாறு' என்றால் 'றுயாடைஅ', 'கிண்டி' என்றால் 'டிண்கி', 'எஃகு' என்றால் 'குஃஎ', 'கௌதம' என்றால் 'மதகௌ', 'லக்ஷ்மி' என்றால் 'மிக்ஷ்ல'. ஒன்றுமே இல்லாத வெற்றுச் சரத்தையும் ஒரு தடவை கொடுங்கள், பிழை வராமல் வெற்றாகவே திரும்பி வர வேண்டும்.